முதல் தரச் சுவர்

மூன்றாவதாகப் பார்த்த வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது பதினாறு வருடங்கள் ஆகியிருந்தன. உள்ளங்கை அகலமுள்ள சுவர்ச்செவி பல்லியைப் போலப் பூச்சில் ஒட்டிக்கொண்டு, அந்த அழுகையை ஒரு விம்மல்கூட விடாமல் எடுத்துக் கொடுத்தது.

"மூணாந்தரமுங்க," என்றார் ராக்கியப்பன், கருவியைச் சுவரிலிருந்து பிரித்தபடி. அவர் அரசு உரிமம் பெற்ற சுவர் வாசிப்பாளர். "மொத வீடு வாங்கறவங்களுக்கு இதுக்கெல்லாம் பேங்குல லோன் தரமாட்டாங்க. வேற பாருங்க."

பூபதியும் வஞ்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

சிமெண்ட் பூச்சு, தன்மேல் படும் ஓசையையெல்லாம் நுண்ணிய வரிகளாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று கால் நூற்றாண்டுக்கு முன் கண்டுபிடித்த பிறகு, வீடு வாங்குவது இப்படி ஆகிவிட்டது. முன்பெல்லாம் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கூரையில் நீர்க்கசிவு, மழைத்தண்ணீர் போகும் வழி இவற்றைப் பார்த்தால் போதும். இப்போது ஒலிச்சான்றும் வேண்டும். அடுத்தவர் சண்டையும் ஒப்பாரியும் ஊறிய சுவருக்குள் யார் குடிபோவார்கள்? பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால், எதையோ மறைக்கிறார்கள் என்று நாலாந்தரம் போட்டுவிடுவார்கள்.

பூபதி மின்பேருந்துப் பணிமனையில் வேலை செய்தான். வஞ்சி பள்ளியில் பாட்டு டீச்சர். சிங்காநல்லூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் ஆறு வருடம் ஓட்டியவர்கள். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். ஆவணிக்குள் காலி செய்தாக வேண்டும்.

நாலாவது வீடு வடவள்ளியில் இருந்தது. கதவைத் திறந்த குணவதிக்கு ஐம்பது வயதிருக்கும். வணக்கம் சொல்ல வாயெடுத்த வஞ்சியைப் பார்த்ததும் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தாள். மூவரையும் வாசல்படி தாண்டி, கேட்டுக்கு வெளியே கூட்டிப்போன பிறகுதான் பேசினாள்.

"கோச்சுக்காதீங்க. உள்ள பேசாதீங்க. விக்கற வரைக்கும்."

வீட்டை விற்பனைக்கு நன்றாகவே தயார் செய்திருந்தாள். ஜன்னல் கம்பிகளுக்குப் புது வர்ணம், சொட்டாத குழாய்கள், தண்ணீர் விட்டுத் துடைத்த தரை, வெறும் அலமாரிகள். வெளிச்சம் தாராளமாக வந்தது. ஆனாலும் கூடத்தில் நின்றபோது வஞ்சிக்குக் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. எந்த அறைக்குள் போனாலும் தானாக ஏதாவது முனகிப் பார்ப்பது அவள் வழக்கம். அங்கே முனகத் தோன்றவில்லை.

ராக்கியப்பன் சுவர்ச்செவியைக் கூடத்தில் ஒட்டினார். நடக்கும் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம், மின்விசிறி, மழை. வருடங்களை வேகமாக ஓட்டினார். சமையலறை, படுக்கையறை எல்லாம் அப்படியே. அவர் நெற்றி சுருங்கியது. பின்வாசலுக்கு வெளியே வந்து மெல்லிய குரலில் சொன்னார்:

"இருபத்திரண்டு வருசம். ரெண்டு பேரு நடக்கறாங்க, சாப்பிடறாங்க, தூங்கறாங்க. ஒத்தப் பேச்சு இல்லீங்க."

கடைசியாகக் குளியலறை. தண்ணீர் விழும் ஓசைக்கு நடுவே கனமாக ஏதோ விழுந்தது. பிறகு மூச்சு. அதன்பின் டைல்ஸ் தரையில் விரலால் தட்டுகிற சத்தம், டொக், டொக் என்று, யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது போல. அது நெடுநேரம் நீடித்தது. இடையிடையே, பக்கத்துச் சமையலறையில் யாரோ தேங்காய் துருவுவதும் கேட்டது. தட்டல் மெலிந்து மெலிந்து நின்றது. தேங்காய் துருவுவது நிற்கவில்லை.

வாசலில் நின்றிருந்த குணவதி எப்போது உள்ளே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. திரும்பித் தெருவுக்கு ஓடினாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்திருந்தாள். வஞ்சி தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரருங்க. தண்டபாணி," என்றாள் குணவதி. "போன மாசி. ஒப்பாரியக்கூடத் தெருவுலதான் வெச்சோம். உள்ள விழுந்து ஒரு மணி நேரம் உசுரு இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. நான் நம்பல. ஏழடி தள்ளித்தான நான் இருந்தேன்? ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஓடியிருக்க மாட்டனா?"

"ஏனுங்க கூப்பிடல?" என்றாள் வஞ்சி.

"வீட்ட வாங்குனப்பவே முடிவு பண்ணிட்டோம். இது சின்ன வீடு, நல்ல வெலைக்கு வித்துட்டுப் பெருசா வாங்கலாம், அதுவரைக்கும் சுவரைக் கெடுக்க வேண்டாம்னு. ஆரம்பத்துல எல்லாத்தையும் பஸ் ஸ்டாப்புல போயிப் பேசுவோம். அப்புறம் பேச்சே கொறஞ்சுபோச்சு. அவரு வேணும்னு அடக்கலீங்க. அவருக்குக் குரலே வந்திருக்காது."

ராக்கியப்பன் கைக்கருவியில் எதையோ தட்டி முடித்துத் தொண்டையைச் செருமினார்.

"முதல் தரமுங்க."

"அந்தத் தட்டுன சத்தம்?" என்றாள் வஞ்சி.

"குரலைத்தானுங்க கணக்குல எடுப்போம். தட்டறதுக்குக் கட்டம் இல்லீங்க படிவத்துல. என்னோட சர்வீசுல இவ்வளவு சுத்தமான வீட்டப் பாத்ததில்ல. நாளைக்குப் பத்து பேரு வந்து நிப்பாங்க."

திரும்பும் வழியெல்லாம் வஞ்சி மறுத்தாள். "எனக்கு வேண்டாமுங்க. அந்த வீடு என்னமோ பண்ணுது."

"வீடு என்ன புள்ள பண்ணும்? அவங்க முட்டாத்தனமா இருந்துட்டாங்க. நாம அப்பிடியா? பேசுவோம், சிரிப்போம். சண்டைய மட்டும் வெளிய வெச்சுக்குவோம். மொத வீடு ஆயுசுக்கும் இல்ல. அஞ்சு வருசம், அவ்வளவுதான்."

ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் வேறு வீடு இல்லை.

வடவள்ளி வீட்டுக்குக் குடிபோன முதல் மாதம் அவர்கள் நிறையப் பேசினார்கள். நல்ல பேச்சாகப் பார்த்துப் பேசினார்கள். அலுப்போ கோபமோ வந்தால் கைபேசியில் எழுதிக் காட்டிக்கொண்டார்கள். வருடங்கள் போனால் பெருஞ்சிரிப்பு சுவரில் அழுகை மாதிரியே கேட்கும் என்று பணிமனையில் யாரோ சொன்னதாகப் பூபதி ஒருநாள் வந்து சொன்னான். அதன்பிறகு சிரிப்பும் எழுத்துக்குப் போயிற்று. வஞ்சி மொட்டைமாடியில் பாடிப் பழகினாள். கைப்பிடிச் சுவரிலும் பூச்சு இருக்கிறது என்று பிறகு நினைவு வந்தது.

ஏழாவது மாதம், ஒரு ஞாயிறு மதியம். சோறு வடிக்கும்போது துணி நழுவிக் கொதிகஞ்சி வஞ்சியின் பாதத்தில் கொட்டியது. தோல் வெளுத்துச் சுருண்டதை அவளே பார்த்தாள். வாய் திறந்தது. அவள் எதையும் அடக்கவில்லை. உள்ளே எல்லாம் அலறிற்று. தொண்டையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

பானை உருண்ட சத்தம் கேட்டுப் பூபதி கூடத்திலிருந்து ஓடிவந்தான். குடத்துத் தண்ணீரை அப்படியே அவள் காலில் கவிழ்த்தான். முழந்தாளிட்டு அந்தப் பாதத்தை மடியில் ஏந்திக்கொண்டான். அவன் உதடுகள் துடித்தன, கண்ணீர் வழிந்தது. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து எழுதி, அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

'ரொம்ப வலிக்குதா?'

வஞ்சி அவனைப் பார்த்தாள். பிறகு, பதில் எழுதுவதற்காக, கைபேசியை வாங்கக் கையை நீட்டினாள்.