காலியாக இருந்த ஆணி

இடுப்பு விட்டுப்போயிருந்தது.

காலையிலிருந்து நாற்பது பேட்டரி. ஒவ்வொன்றும் முப்பது கிலோ. மெக்கானிக் படிக்கட்டில் குந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான்...

'டமார்!'

பேட்டரி ரூமின் கதவிடுக்கில் நீல வெளிச்சம்!

ஓடினான். வரிசையின் கோடியில் தங்கச்சி புருஷன் கிடந்தான். கையில் பாதி உருகிய ஸ்பேனர். முகம்... முகமென்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"மாப்ளே!"

மாப்பிள்ளை பதில் சொல்கிற நிலையைத் தாண்டியிருந்தான்.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். மேனேஜர் முந்திக்கொண்டார்.

"விபத்து மேடம். மோதிரம், வாட்ச் எதையும் கழட்டாம உள்ளே போயிட்டான். கவனக்குறைவு. நஷ்டஈடுகூடத் தேறாது, பாவம்."

"பொய்!" மெக்கானிக் கத்தினான். "கல்யாண மோதிரத்தையே கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் அவன் உள்ளே போவான்!"

"எந்த ஆணி?"

கதவுக்கு வெளியே ஒரே ஆணி. உள்ளே போகிறவன் உடம்பிலுள்ள உலோகத்தையெல்லாம் அதில் மாட்டுவான். வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணி காலி என்றால் உள்ளே ஆள் இல்லை!

இப்போதும் காலி.

"பொணத்துல மோதிரம் இல்ல. ஆணியிலயும் இல்ல. றெக்கை முளைச்சுப் போயிடுச்சா?" என்று மேனேஜரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர் அம்மா.

மேனேஜர் வாயைத் திறக்குமுன்...

'பீப்... பீப்... பீப்...'

சத்தம் அவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து!

"மேடம், அது மாப்ளே வாட்ச்! மூணு மணி மாத்திரைக்கு என் தங்கச்சி வெச்ச அலாரம்! பழைய பேட்டரிக்குப் புது லேபிள் ஒட்டிக் காசடிச்சாரு இவரு. மேலிடத்துக்கு எழுதப்போறேன்னு மாப்ளே சொன்னான். அதான் தீர்த்துக் கட்டிட்டாரு!"

மேனேஜர் வாட்ச்சையும் மோதிரத்தையும் எடுத்து நீட்டினார். சிரித்தார்!

"ஆணியில கிடந்துச்சு. தொலைஞ்சிடுமேன்னு எடுத்தேன். பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். ஆனா அந்த ரூமுக்குள்ள நான் காலே வைக்கல மேடம். நடுப்பட்டையை மாட்டினது யாருன்னு இவனையே கேளுங்க."



வரிசையின் நடுவிலிருக்கும் செம்புப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் மாப்பிள்ளை வேலை பார்த்தான். அது இல்லாதவரை இரண்டு முனைகளுக்கும் தொடர்பில்லை. மாட்டிவிட்டால் நானூறு வோல்ட்! பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் முனைகள் இரண்டையும் ஸ்பேனர் ஒருசேரத் தொட்டால்...

"யார் மாட்டினது?"

"நான்தாங்க... உடனே மாட்டுன்னு இவர் போன் பண்ணாரு. ஆணி காலி. மாப்ளே டீ குடிக்கப் போயிட்டான்னு நினைச்சேன். பின்வரிசைக்குப் பின்னால இருந்திருக்கான். ஃபேன் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல..."

"குரல் கொடுத்துப் பார்த்தியா?"

"ஆணியைத்தான் பார்த்தேன்."

"அது போதும்னு எங்கே எழுதியிருக்கு?"

"எங்கயும் இல்லைங்க. உள்ளே ஆள் இருந்தா யாரும் பட்டையை மாட்ட முடியாதபடி போட்டு வைக்கப் பூட்டு கேட்டோம். வாங்கித் தரல. ஆணி... நாங்களா வெச்சுக்கிட்டது."

மேனேஜர் ஒரு ஃபைலைப் பிரித்தார்.

"பூட்டு கொடுத்தாச்சு மேடம். வாங்கிட்டேன்னு மாசாமாசம் கையெழுத்துப் போட்டிருக்கான். போன் பண்ணேன்... டீ குடிச்சியான்னு கேக்கத்தான்!"

கையெழுத்து அவனுடையதேதான். சம்பள நாளில் நீட்டிய காகிதம் எதையும் அவன் படித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா மேனேஜரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஃபைலை வாங்கிக்கொண்டார்.

"நீங்க நாளைக்கு வந்து ஸ்டேட்மென்ட் கொடுங்க. நீ ஏறுய்யா ஜீப்புல."

வாசலில் தங்கச்சி நின்றிருந்தாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்தாள்.

ஜீப் நகர்ந்தது.

"என்னய்யா யோசனை?" என்றார் கான்ஸ்டபிள்.

"போன ஞாயித்துக்கிழமை எனக்குப் பதிலா மாப்ளேதாங்க டூட்டி பார்த்தான். ஜெயில்ல ஞாயித்துக்கிழமை டூட்டி உண்டா? அவனுக்கு ஒண்ணு பாக்கி வெச்சிருக்கேன்!"