வியர்க்கும் படகு

நவம்பர் பதினெட்டாம் தேதி, மெய்ன் கடற்கரையின் ஹேடக் கோவ் என்ற ஊரில், வெர்னா பீலின் முற்றத்தில் சிங்கி இறால் பிடிக்கும் படகு ஒன்று குளிர்காலத்துக்காகக் கட்டைகள்மேல் ஏற்றப்பட்டு, வெள்ளை பிளாஸ்டிக்கால் உறையிடப்பட்டது.

உறையிட்டவர் அவள் சித்தப்பா லின்வுட். தீ ஊதும் குழலால் சூடுகாட்டி, பிளாஸ்டிக்கை மத்தளத் தோல்போல விறைக்க வைத்தார். பின்புறம் ஒரு ஜிப் கதவு. மேலே நான்கு காற்றுத் துளைகள்.

"மெத்தையெல்லாம் நிமித்தி வச்சியா? அலமாரி எதையும் சாத்தாதே. காத்து உள்ள நடமாடணும் பொண்ணு. இல்லேன்னா வசந்தத்துல நீ படகு விக்க மாட்டே, காளான்தான் விப்பே."

"எதையாவது வித்துட்டு இங்கேருந்து போனா சரி சித்தப்பா."

"ஹாலிஸ் வந்தானா?"

"இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு."

"அவன் அவங்கம்மா சொன்னதையே கேட்டதில்ல."

ஹாலிஸ் அவளுடைய முன்னாள் கணவன். அவள் தாடையை இரண்டு முறை உடைத்தவன். விவாகரத்தில் படகு அவளுக்கு வந்தது. அது நல்ல விலைக்குப் போனால்தான் அவன் தேடிவர முடியாத தூரத்துக்கு அவள் போக முடியும். பூசணம் பிடித்த படகுக்கு நல்ல விலை கிடைக்காது.

டிசம்பரில் ஒருநாள் ஏணியில் ஏறி ஜிப்பைத் திறந்தபோது, ஈரம் உறிஞ்சும் உப்பு வைத்திருந்த வாளி தளும்பி நின்றது. ஒரு மாதத்தில் சேர வேண்டிய நீர் ஒரு வாரத்தில் சேர்ந்திருந்தது. தலைக்குமேல் பிளாஸ்டிக் முழுக்க முத்து முத்தாக நீர். நனைந்த நாயின் வாடையும் பழைய இரைமீனின் வாடையும் கலந்து வீசின. படகின் உள்ளறைக் கூரையில் மிளகைத் தூவியதுபோலப் பூசணத்தின் கரும்புள்ளிகள். வினிகர் தொட்டுத் துடைத்தாள், வாளியைக் காலி செய்தாள், இறங்கிவந்து சித்தப்பாவுக்குப் போன் செய்தாள்.

"காலியா இருக்கிற படகு அப்படி வியர்க்காது பொண்ணு," என்றார் அவர். "உள்ள ஏதோ மூச்சு விடுது." சிரித்தார். "ரக்கூன் குட்டி போட்டிருக்கும். காத்துத் துளை அடைச்சிருக்கான்னு நாளைக்குப் பாரு."

மறுநாள் மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கடலிலிருந்து வந்த காற்றில் பக்கத்துத் தோட்டத்துப் படகுகளின் உறைகளெல்லாம் படபடத்துக்கொண்டிருக்க, அவளுடைய படகின் உறை மட்டும் சத்தமின்றி மெல்ல உப்பி மெல்ல அமுங்குவதாக, ஏணியில் நின்ற அவளுக்குத் தோன்றியது. ஜிப்பைத் திறந்து உள்ளே குனிந்து நுழைந்தாள். டார்ச்சை மேலே அடித்தாள். நான்கு துளைகளிலும் கந்தல் அடைத்திருந்தது. உள்ளிருந்து.

ஒரு கந்தல் அவளுடைய பழைய இரவுச்சட்டை.

வாளி மறுபடி பாதி நிறைந்திருந்தது. அறைக்குள் மெத்தைகளைப் பார்த்தாள். நிமிர்த்தி வைத்தவை. இப்போது படுத்துக் கிடந்தன. நடுவில் ஒரு பள்ளம். தொட்டாள்.

சூடு.

"கதவைச் சாத்து, வெர்னா," என்றது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "குளிரு உள்ள வருது."

அவள் கத்துவதற்குள் ஹாலிஸ் அவள் கூந்தலைப் பிடித்துத் தலையை மரச்சுவரில் அறைந்தான். ஒருமுறை. மறுமுறை. வாயில் பல் ஒன்று உருண்டது. டார்ச் விழுந்து உருண்டு, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அவன் நிழலைக் கூரைவரை எழுப்பியது. அவன் கையில் மீன் அறுக்கும் கத்தி. வெறுங்கையால் பிடித்தாள். உள்ளங்கை எலும்புவரை திறந்தது.

"எங்க அப்பா படகை விப்பியா? விப்பியா நீ?"

இன்னொரு கையில் வாளி தட்டுப்பட்டது. உப்புக் கரைசல் முழுவதையும் அவன் கண்ணில் வீசினாள். அலறினான். ஊர்ந்தாள். ஜிப். ஏணி. பனி.

கீழே விழுந்தபடியே ஏணியை உதைத்துத் தள்ளினாள். மேலே பிளாஸ்டிக்கில் ஒரு முகம் அழுந்தியது. திறந்த வாய்ப்பள்ளத்துக்குள் பிளாஸ்டிக் போய்ப் போய் வந்தது.

அவள் சித்தப்பா வீட்டுக்கு ஓடினாள்.

ஷெரிப்பின் போலீஸ்காரர்கள் வந்தபோது, கடலைப் பார்த்த பக்கத்தில் உறை கீழ்வரை கிழிந்திருந்தது. படகு காலி. பனியில் கால்தடங்கள் ரோடுவரை போயின. ரோட்டை அப்போதுதான் பனி வழிக்கும் வண்டி வழித்துவிட்டுப் போயிருந்தது. தெற்கே போயிருப்பான் என்று இரண்டு கார்களும் தெற்கே போயின.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு பொண்ணு," என்றார் லின்வுட். "வீட்டுல எதாவது எடுக்கணுமா?"

கையில் சுற்றிய துண்டு நனைந்து சொட்ட, முற்றத்தில் நின்ற வெர்னா தன் வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். மாடி அறையைக் குளிர்காலத்துக்காக அக்டோபரிலேயே மூடியிருந்தாள். அங்கே கணப்பும் இல்லை, யாரும் படுப்பதும் இல்லை.

அதன் ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வியர்த்திருந்தது. நடுவில் ஒரு கையளவு இடம் மட்டும் துடைக்கப்பட்டிருந்தது.