பசை இல்லாத உறை

அன்று தாழ்வான சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். சன்னல் பக்கம் தெத்சுரோ. எதிரே, அடுப்படியை ஒட்டி, அவன் மனைவி கியோமி. இருவருக்கும் நடுவே, பாயில் தவழ்ந்துகொண்டு, கைக்குழந்தை மியு. தெத்சுரோவின் தோளுக்குப் பின்னால் அலமாரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஈரமண்ணில் பாதி புதைந்து அவனுடைய கொம்புத் தவளை.

தவளையின் கண்கள் தலைக்குள் இறங்கின.

தவளை கண்ணை உள்ளே இழுத்துத்தான் இரையைத் தொண்டைக்குத் தள்ளும். கல்யாணமான புதிதில் அவன்தான் கியோமிக்குச் சொல்லிக்கொடுத்தான். தன் தோலைத் தலைவழியே உரித்துத் தானே தின்னும் என்பதையும். செத்த மீனை இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டவும் பழக்கியிருந்தான். ஆடாததை அது பார்க்காது.

"அதுக்குத் தீனி வெச்சீங்களா?"

"அது உன் வேலை. புள்ளையோட சேத்து மூளையையும் பெத்துப் போட்டுட்டியா?"

பெட்டிக்குள் யாரும் ஒன்றும் போடவில்லை. தெத்சுரோதான் ஒரு கவளம் சோறு விழுங்கினான். தவளையின் கண்கள் மறுபடி இறங்கின. அடுத்த கவளத்துக்கு அவனுடைய கண்களும்.

அவர்கள் ஊரான தோகாமாச்சியில் அந்த ஆடி மழை ஓயவேயில்லை. கூரையில் விழுந்த சத்தம் சுவருக்குள் இறங்கி, பாய்க்கு அடியில் ஊறி, வீடு முழுக்கப் பாசி நாற்றமாகக் கிளம்பியது, ஆனால் நாற்றம் பெட்டியிலிருந்து வரவில்லை, அவன் சட்டைக் கழுத்துப்பட்டையிலிருந்து வந்தது. அன்றிரவு குளியலறையின் மங்கல் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் நிழல் இரண்டு கையாலும் எதையோ தலைவழியே உரித்து, வாய்க்குள் திணித்தது. சட்டை வெளியே கூடையில் கிடந்தது.

மியு தூங்கினால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. தவழ்ந்தால் பார்த்தான். கண் சிமிட்டாமல்.

மறுநாள் காலை கியோமி எழுதினாள்: 'அண்ணா, மழை நிற்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். வண்டியோடு வந்து எங்கள் இருவரையும் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் மியுவையாவது.' மடித்து உறையில் போட்டாள். பசைக் குப்பியைத் தேடினாள்.

"யாருக்கு?"

தெத்சுரோ பின்னால் நின்றிருந்தான்.

"அண்ணனுக்குங்க. செர்ரிப் பழம் அனுப்பினாரே, நன்றி சொல்ல."

"பெரிய பழம்! குடு."

உறையின் ஓரத்தை நக்கினான். அகலமான நாக்கு. கண்கள் உள்ளே போய் வந்தன. பசையே தடவாத உறை கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

வாசலில் தபால்காரரின் வண்டி. அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தான். அசையவில்லை.

தவளைப் பெட்டி மூடியபடி இருந்தது. மண்ணில் வெறும் குழி.

மியு சிரித்துக்கொண்டு அப்பாவை நோக்கித் தவழ்ந்தாள். அவன் கழுத்து மெல்லத் தாழ்ந்தது. குழந்தையை எட்டிப் பிடிக்கக் கியோமிக்குத் தூரம் அதிகம்.

கியோமி கையை உயர்த்தினாள். மீன் பிடித்த இடுக்கியைப் போல ஆட்டினாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். காதிலிருந்து காதுவரை, முகம் முழுவதும் வாயாகத் திறந்தது.

வெளியே, கடிதத்தோடு வண்டி கிளம்பியது.