கஸ்டர்டின் நிறம்

1954 டிசம்பர் 20, திங்கட்கிழமை. மாலை மணி ஆறு ஐந்து.

ஹேதர்பி நகரின் சந்தைச் சதுக்கத்தை நோக்கி நின்ற பெரிய வீட்டில், திருமதி ஹெஸ்டர் தோரல்டு இரவு உணவுக்கு உடுத்திக்கொண்டு, அலங்கார மேசையின் மீதிருந்த பீங்கான் தட்டை நோக்கிக் கை நீட்டினார். தட்டில் கொண்டையூசிகள் இருந்தன. மரகத மோதிரம் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு, உறங்கச் செல்லுமுன், அவரே கழற்றி வைத்த மோதிரம் அது.

ஆறரை மணிக்குச் சார்ஜென்ட் ஆம்புரோஸ் பெல் தொப்பியிலிருந்த பனியை உதறியவாறு உள்ளே வந்தார். சன்னல்கள் அனைத்தும் உட்புறம் தாழிடப்பட்டிருந்தன. அயலார் எவரும் வரவில்லை. எனவே திருடியவர் வீட்டாருள் ஒருவரே. முதலில் திருமதி தோரல்டின் தங்கை மகன் லயனலை அவர் விசாரித்தார்.

"ரெண்டு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"ஹால்ல. கணப்புப் பக்கத்துல ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"என்ன நிகழ்ச்சி?"

"அது தெரிஞ்சிருந்தா நான் தூங்கலைன்னு ஆயிடுமே, சார்ஜென்ட்!"

அடுத்தவர் செல்வி எடித் ராக். ஐம்பது வயதைக் கடந்தவர். திருமதி தோரல்டுக்குத் துணையாகப் பதினோர் ஆண்டுகளாக அவ்வீட்டில் வாழ்ந்து வருபவர்.

"என் ரூம்ல பெட்டி கட்டிக்கிட்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை பாத் ஊருக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்கு."

"வெள்ளிக்கிழமை போறதுக்குத் திங்கக்கிழமையே பெட்டியா?"

"உங்களுக்கும் என் வயசு வரட்டும். மடிக்கிற நேரத்தைவிடத் தேடுற நேரம்தான் அதிகம்."

இறுதியாகச் சமையற்காரி ஐவி கிளாட்வொர்தி. அவள் கைகளை மேசைமீது விரித்துக் காட்டினாள்.

"எனக்குத் திங்கக்கிழமை அரைநாள் லீவு. சர்ச்சுல கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு ஹாலி இலை கட்டப் போயிருந்தேன். பாருங்க, எத்தனை முள்ளு குத்தியிருக்குன்னு!"

வீடு முழுவதும் சோதிக்கப்பட்டது. கரிக்கூடை, மாவுப்பானை, பெட்டிகள், காலணிகள் எதுவும் விடுபடவில்லை. சாமான் அறையில் இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. ஒன்று வீட்டுக்கான கிறிஸ்துமஸ் கேக். மற்றது ஆண்டுதோறும் செல்வி ராக்கின் தங்கைக்கு அனுப்பப்படுவது. சார்ஜென்ட் மூடிகளைத் திறந்தார். புதுப்பனி போன்ற வெண்ணிற ஐசிங்கைக் கண்டு பெருமூச்செறிந்து மீண்டும் மூடினார். கிறிஸ்துமஸுக்கு முன்னர் பிறர் வீட்டுக் கேக்கில் விரல் வைப்பவன் ஹேதர்பியில் பிறந்ததில்லை.

மோதிரம் கிடைக்கவில்லை. ஆகவே அது வெளியே சென்றிருக்க வேண்டும். அன்று பிற்பகல் வெளியே சென்றவள் ஐவி ஒருத்தியே. மேலும், போர்க்காலத்தில் ஆலை உணவகத்திலிருந்து இரண்டு பவுண்டு சர்க்கரையை எடுத்த குற்றத்திற்காக அவள் ஒரு மாதம் சிறையிலிருந்தவள். அதனை ஊர் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பகல் மணி ஒன்று.

ஐவி சார்ஜென்ட்டுக்குச் சுட்ட ஆப்பிளும் கஸ்டர்டும் வைத்தாள். கஸ்டர்ட் சாமந்திப்பூ நிறத்தில் இருந்தது.

"இதென்ன, இவ்வளவு மஞ்சளா இருக்கு?"

"யாரோ மூணு மஞ்சள் கருவைக் கிண்ணத்துல போட்டு, தண்ணி ஊத்தி, மூடி வச்சிருந்தாங்க. அம்மா முகத்துக்கு வெள்ளைக்கரு பூசியிருப்பாங்க. நமக்கென்ன? வீணாக்க முடியுமா?" அவள் சிரிக்க முயன்றாள். பின்னர் அவள் குரல் தணிந்தது. "சார்ஜென்ட், என் பையன் டெரிக் வெள்ளிக்கிழமை அஞ்சு இருபது வண்டியில வர்றான். கப்பலுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. போன தடவை நான் ஜெயிலுக்குப் போனப்ப அவனுக்கு ஒம்பது வயசு. என்னைக் காணாம ரயில் ஸ்டேஷன் வாசல்ல நின்னு அழுதான். இந்தத் தடவையும் அங்க நான் இல்லைன்னா..."

சார்ஜென்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

புதனும் வியாழனும் பயனின்றிக் கழிந்தன. சதுக்கத்தில் சிறுவர்கள் கீதம் பாடினர். கசாப்புக் கடையில் வான்கோழிகள் தொங்கின. ஐவி கடைக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. வியாழன் மாலை மாவட்டத் தலைநகரிலிருந்து இன்ஸ்பெக்டர் தொலைபேசியில் ஆணையிட்டார்: மறுநாள் மூன்று மணிக்குள் ஐவி கைது செய்யப்பட வேண்டும்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி இரண்டு இருபது.

ஐவி கோட்டு அணிந்து சமையலறையில் காத்திருந்தாள். அவளோடு சார்ஜென்ட் கூடத்திற்கு வந்தபோது, செல்வி ராக் கேக் டப்பாவை மார்போடு அணைத்தவாறு நின்றிருந்தார். அவருடைய வண்டி மூன்று ஐந்துக்கு. வழியனுப்பத் திருமதி தோரல்டும் லயனலும் அங்கே இருந்தனர்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஐவி. "அந்தக் கேக்குக்கு இன்னும் சிவப்பு ரிப்பன் கட்டலையே."

"வேண்டாம் ஐவி. நேரமாச்சு."

"ரிப்பன் இல்லாம என் கேக்கு எந்த வருஷமும் வாசல் தாண்டினதில்லை. இந்த வருஷம் பேரு கெட்டது போதும், கேக்கும் கெடணுமா?"

அவள் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தாள். வெண்ணிற ஐசிங்கின் நடுவே, உள்ளங்கையளவு மஞ்சள் கறை பரவியிருந்தது.

"எண்ணெய் ஏறியிருக்கு! என் கேக்குலயா? பன்னெண்டாம் தேதி பாதாம் விழுது பூசி, ஆறு நாள் காயவிட்டு, பதினெட்டாம் தேதிதான் ஐசிங் போட்டேன். காய்ஞ்ச விழுதுலேருந்து எண்ணெய் வராது. யாராவது பிசைஞ்சு மறுபடி ஒட்டினாத்தான்..." அவள் வீட்டுக் கேக்கைத் திறந்து பார்க்க ஓடினாள். "இதுல கறை இல்லையே!"

சார்ஜென்ட் அசையாமல் நின்றார். சாமந்திப்பூ நிறம் அவர் கண்முன் எழுந்தது.

"திருமதி தோரல்டு, திங்கக்கிழமை முகத்துக்கு வெள்ளைக்கரு பூசினீங்களா?"

"என்ன கேள்வி இது? சண்டை தொடங்கின அன்னைக்கே அந்த ஆடம்பரத்தை எல்லாம் விட்டாச்சு."

"அப்ப மூணு வெள்ளைக்கரு எங்க போச்சு? முகத்துக்குப் போகலை. சர்க்கரையோட அடிச்ச ஐசிங்குக்குப் போச்சு." அவர் செல்வி ராக்கை நோக்கித் திரும்பினார். "ஐவி சர்ச்சுல இருந்தாங்க. லயனல் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு. நீங்க ஐசிங்கைச் சுரண்டி, நடுவுல குழி தோண்டி, மோதிரத்தை வச்சு, பாதாம் விழுதைக் கையால பிசைஞ்சு மூடி, மேல முழுக்கப் புது ஐசிங் போட்டீங்க. பெட்டி கட்டினது நாலு மணி நேரம் இல்லை."

"ஐவியே செஞ்சிருக்கலாமே!" என்றார் செல்வி ராக்.

"உங்க தங்கச்சிக்குப் போற கேக்குலயா? அப்புறம் அந்த மஞ்சள் கருவைப் பத்தி அவங்களே எங்கிட்ட சொல்வாங்களா? சமையற்காரிக்கு விழுது காயணும்னு தெரியும். உங்களுக்குத் தெரியலை."

லயனல் கத்தியைக் கொண்டுவந்தான். இரண்டாவது வெட்டில் எஃகு கல்லில் உரசி ஒலித்தது. திராட்சைத் துணுக்குகளிடையே மரகதம் பச்சையாக மின்னியது.

"பதினோரு வருஷமா அது உனக்குத்தான், உனக்குத்தான்னு சொன்னீங்க," என்றார் செல்வி ராக், திருமதி தோரல்டின் முகத்தைப் பாராமல். "போன மாசம் லயனல் கட்டிக்கப்போற பொண்ணுக்குன்னு மாத்திட்டீங்க."

சார்ஜென்ட் தாழ்ந்த குரலில் வினவினார்:

"ஒண்ணே ஒண்ணு எனக்குப் புரியலை, மிஸ் ராக். அந்த மஞ்சள் கருவைத் தொட்டியில ஊத்தியிருந்தா நான் இன்னைக்கு ஐவியைத்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன். ஏன் எடுத்து வச்சீங்க?"

செல்வி ராக் முதன்முறையாக அவரை நேராக நோக்கினார். அப்படியொரு கேள்வியா என்னும் வியப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"மூணு முட்டை, சார்ஜென்ட். பதினாலு வருஷம் ரேஷன்ல வாழ்ந்தவ நான். வாரத்துக்கு ஒரு முட்டை. ஊத்தத்தான் போனேன். கை வரலை."

கூடத்தில் இருந்தோருள் எவருக்கும் அவ்விடை விந்தையாகத் தோன்றவில்லை.

மணி மூன்று. இன்ஸ்பெக்டர் கேட்டபடியே ஒரு பெண் காவல் வண்டியில் ஏறினார். திருமதி தோரல்டு சமையலறை வாயிலில் வந்து நின்றார். மன்னிப்பு என்னும் சொல் அவருக்குப் பழக்கமில்லாதது.

"ஐவி... கோட்டைக் கழட்டிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு ஏதாவது பாரேன்."

ஐவி கோட்டின் மேற்பொத்தானையும் மாட்டினாள்.

"முட்டை அலமாரியில இருக்கும்மா. மஞ்சளும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. எனக்கு ஸ்டேஷனுக்கு நேரமாச்சு."

டெரிக்கின் வண்டி வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவள் ஓடினாள்.