போதும் என்று சொல்லாத பலகை

டமார்!

கூடத்திலிருந்து வந்த சத்தத்தில் வாலு வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

தம்பி பட்டாணி வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தான். பள்ளிப் பை இன்னும் முதுகிலேயே தொங்கியது. முழங்காலில் புதிதாக ஒரு கட்டு. அவனுடைய பேச்சுப் பலகை சோபாவுக்கு அடியில் கிடந்தது.

"தூக்கி எறிஞ்சியாடா?"

பட்டாணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கு வயது ஏழு. காது நன்றாகக் கேட்கும். குறும்புக்கும் குறைச்சல் இல்லை. பேச்சு மட்டும் வராது. அவனுக்காகப் பலகைதான் பேசும். தொடுதிரையில் தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று சொல்லும். அந்தக் குரல் வாலுவுடையது. பலகைக்கான மென்பொருளை எழுதியது அம்மா. பேசிப் பதிவு செய்ய அம்மாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த ஒரே வாயாடி வாலுதான்!

வாலு தரையில் படுத்துப் பலகையை வெளியே இழுத்தாள். நல்லவேளை, உடையவில்லை. தண்ணீரைத் தொட்டாள். பேசியது. ஊஞ்சலைத் தொட்டாள். பேசியது. நிமிர்த்திய உள்ளங்கைப் படத்தைத் தொட்டாள்.

சத்தமே இல்லை.

அதுதான் 'போதும்' படம்.

அப்போது அம்மாவின் அறையில் போன் அலறியது. பேசியவர் பட்டாணியின் வகுப்பு ஆசிரியை. ஒலிபெருக்கியில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஊஞ்சலை வேகமா தள்ளிட்டாங்கம்மா. இவன் 'போதும்' படத்தை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கான். சத்தம் வரலை. கையை உதறியிருக்கான். சந்தோஷத்துல ஆட்டுறான்னு நினைச்சு இன்னும் வேகமா தள்ளியிருக்காங்க. பயந்து குதிச்சுட்டான்."

அம்மாவின் முகம் வெளிறியது.

"நாளைக்குப் பூங்காவுக்குப் போறோம். ராட்டினம், சறுக்கு எல்லாம் இருக்கு. போதும்னு சொல்ல முடியாத பிள்ளையை நான் எந்த தைரியத்துல ஏத்துவேன்? கணினி ஆசிரியர் அஞ்சு மணி வரைக்கும் பள்ளியில இருப்பார். அதுக்குள்ள பலகை சரியாச்சுன்னா அழைச்சுட்டுப் போறேன். இல்லைன்னா அவன் வீட்டுலயே இருக்கட்டும். தப்பா நினைக்காதீங்க."

பட்டாணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பலகையை எட்டி இழுத்து, 'ராட்டினம்' படத்தைத் தொட்டான். மறுபடி தொட்டான். மறுபடி.

"ராட்டினம். ராட்டினம். ராட்டினம்" என்றது வாலுவின் குரல்.

வாலு அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, இதைச் சரி பண்ண முடியாதா?"

"அது எப்பவாவதுதான் மக்கர் பண்ணிச்சு. அதையும் சரி பண்ணி மூணு வாரமாச்சு."

"அப்புறம்?"

"புதுப் பதிப்புல இருக்கு. புதுப் பதிப்பு இன்னும் வெளியே வரலை. பலகை பள்ளியோடது. வெளியான பதிப்பைத் தவிர எதையும் அவங்க ஏத்த மாட்டாங்க."

அம்மாவின் மென்பொருளுக்கு விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், புதிதாகச் சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பவர்களில் ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் ஓவியர். வெவ்வேறு ஊரில் இருந்த இருவரும் பைசா வாங்காமல் உழைத்தார்கள்.

"அவங்க வேலை முடியலை. எல்லாரோட வேலையும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. அவங்கவங்க தன்னோடதைப் பிரிச்சு எடுத்தாத்தான் இப்போ வெளியிட முடியும்."

"எடுக்கச் சொல்லேன்!"

"சொல்லிப் பார்க்கிறேன்" என்றபடி அம்மா கணினியைத் திறந்தாள். மணி நான்கு.

திரையில் இரண்டு முகங்கள் தோன்றின. டாக்டர் கழுத்தில் முகமூடி தொங்கியது. ஓவியரின் மூக்கு நுனியில் பச்சை வண்ணம்.

அம்மா விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பதறினார். "ஐயையோ, பாவம் பிள்ளை! ஆனா ராத்திரியில திரை கண்ணைக் கூசாம இருக்க நான் பண்ற இரவு நிறம் முக்கால்வாசி முடிஞ்சாச்சும்மா. ரெண்டே நாள் கொடுங்க. இதை விட்டா அடுத்த பதிப்பு எப்ப வருமோ! போன தடவை எட்டு மாசம் காத்திருந்தேன்."

"உங்களுக்காவது எட்டு மாசம்" என்றார் ஓவியர். "என் பறவைப் படங்கள் அதுக்கு முந்தின தடவையே விட்டுப்போச்சு. இப்போ விலங்குப் படம் பாதி வரைஞ்சிருக்கேன். இதை எடுத்துட்டா அடுத்தது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

"முதல்ல நீங்க எடுங்க, அக்கா."

"ஏன், நீங்க எடுத்தா பல் கொட்டிடுமா?"

குரல்கள் உயர்ந்தன. அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கதவோரம் நின்ற வாலு கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே கால்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் ஒருவரும் விடவில்லை. எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அடுத்தது எப்ப வருமோ!

சமையலறையில் மணி ஒலித்தது. பட்டாணியின் படம் வரையும் நேரம் முடிந்ததற்கான மணி அது. வாலு எட்டிப் பார்த்தாள். அவன் சிவப்புக் கிரேயானை இறுக்கிப் பிடித்தபடி குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் பார்த்தான். அங்கே காந்த வில்லைகளில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருந்தன. பால், கிரேயான், குளியல், கதை. அதற்குக் கீழே நாளைக்கான வரிசை. அதிலும் ஒரு கிரேயான் இருந்தது. பட்டாணி அதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு கையிலிருந்த கிரேயானை டப்பாவில் வைத்து மூடினான்.

அந்த வரிசை வருவதற்கு முன்பு இதே கிரேயானுக்காக வீட்டில் தினமும் போர் நடக்கும். ஒருநாள் இரண்டு கைகளிலும் கிரேயான்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டான். தலையணை உறை வானவில் ஆகிவிட்டது.

வாலுவின் மூளையில் பளிச்சென்றது.

நான்கு வெற்றுத் தாள்களை எடுத்தாள். ஒன்றில் பல் வரைந்தாள். ஒன்றில் யானை. ஒன்றில் உள்ளங்கை. நான்காவதை எடுத்தபோது கை தயங்கியது. கடைசியில் அதிலும் வரைந்தாள், ஒரு பாட்டுக் குறி. அம்மா பலகையைப் பாட வைக்கப் பார்க்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது இன்னும் தகர டப்பா உருளுவதுபோல்தான் பாடியது என்பதும் தெரியும்.

தாள்களையும் காந்த வில்லைகளையும் வாரிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரிக் கதவில் சாக்குக்கட்டியால் சரசரவென்று மூன்று கட்டங்கள் போட்டாள்.

"வாலு! என்ன பண்றே? கூட்டம் நடக்குது!"

"ஒரே நிமிஷம்மா! டாக்டர் மாமா, ஓவியர் அக்கா, இங்க பாருங்க. முதல் கட்டம் இன்னிக்கு. ரெண்டாவது, அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை. மூணாவது, அதுக்கடுத்த மாசம் முதல் சனிக்கிழமை. அன்னிக்கு எது தயாரா இருக்கோ அது போகும். தயாரா இல்லாதது அடுத்த கட்டத்துல போகும். யாருக்காகவும் தேதியைத் தள்ளவே கூடாது."

உள்ளங்கைப் படத்தை முதல் கட்டத்தில் ஒட்டினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசனை நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா அந்த ரெண்டாவது கட்டம் நிஜமாவே வரும்னு நான் எப்படி நம்புறது?"

"பட்டாணியும் முதல்ல நம்பலை மாமா. கிரேயானை விடவே மாட்டான். சொன்னபடி தினமும் வந்ததுக்கு அப்புறம்தான் விட்டான். நீங்க ஒரே ஒரு தடவை நம்பிப் பாருங்க."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏழு வயசுப் பையன் விடுறான், நான் விட மாட்டேங்கிறேன்! சரி, என் பல்லை ரெண்டாவது கட்டத்துல ஒட்டும்மா."

"என் யானை முடிஞ்சுடுச்சு" என்றார் ஓவியர். "முடிஞ்ச படமெல்லாம் இன்னிக்குப் போகட்டும். மீதிக்கு நான் அவசரப்பட வேண்டாமே? அடுத்த மாசம்தான் இருக்கே!"

வாலுவின் கையில் பாட்டுக் குறி மட்டும் மிஞ்சியது. அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"அது... அது கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு வாலு. அரை மணி நேரம் கொடு, சுருதியைச் சரி பண்ணிடறேன்."

நாலரை ஆகிவிட்டது. டாக்டரிடம் சொல்வது சுலபம். இது அம்மா. ராப்பகலாக உட்கார்ந்து அம்மா செய்த வேலை.

"அம்மா" என்றாள் மெல்ல. "உன் பாட்டும் அடுத்த மாசம் பாடட்டுமே."

அம்மா எழுந்தாள். வாலுவின் கையிலிருந்து தாளை வாங்கினாள். இரண்டாவது கட்டத்தில், பல்லுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

பிறகு மூன்று ஊர்களிலும் விசைப்பலகைகள் படபடத்தன.

"என்னோடது எடுத்தாச்சு!"

"என்னோடதும்!"

"ஐயோ, திரையில சிவப்பு விளக்கு எரியுதே! எங்கேயோ இடிக்குது!"

"அது என் தப்பு. இதோ... இப்போ பாருங்க!"

விளக்கு பச்சையானது. அம்மா 'வெளியிடு' பொத்தானை அழுத்திவிட்டுக் கணினி ஆசிரியரை அழைத்தாள்.

"செருப்பையே மாட்டிட்டேன்மா" என்றார் அவர். "சரி சரி, கழட்டிட்டேன். இங்கிருந்தே அனுப்பறேன்."

பட்டாணியின் பலகை கறுத்தது. மெதுவாக ஒரு கோடு நிரம்பியது. திரை மறுபடி ஒளிர்ந்தது.

பட்டாணி அதைத் தொடவில்லை. ஊஞ்சலில் தன்னைக் கைவிட்ட பலகையை அவன் சுலபத்தில் நம்புவதாக இல்லை.

வாலு அவன் முன்னால் உட்கார்ந்தாள். பலகையை அவன் மடியில் வைத்தாள். பிறகு அவன் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள். பட்டாணி நெளிந்தான், சிரித்தான், மூச்சு வாங்கினான். விரல் தன்னையறியாமல் உள்ளங்கைப் படத்தில் விழுந்தது.

"போதும்!"

வாலு சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

பட்டாணி பலகையைப் பார்த்தான். அக்காவின் கையைப் பார்த்தான். தானே அந்தக் கையை இழுத்துத் தன் விலாவில் வைத்தான். மறுபடி கிச்சுகிச்சு. மறுபடி "போதும்!" மறுபடி கை நின்றது. இருட்டும்வரை அதுதான் விளையாட்டு.

மறுநாள் ராட்டினத்தில் மூன்று சுற்று போனானாம். நாலாவதுக்குத்தான் பலகை பேசியதாம்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வந்தது. டாக்டரின் இரவு நிறம் தயார். ஓவியரின் மீதி விலங்குகளும் தயார். அம்மா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டு நல்லா வந்துடுச்சு. ஒரே ஒரு சின்னத் திருத்தம். எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் பொறுங்க..."

"போதும்!"

"வாலு, பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் வாயே திறக்கலைம்மா. மேசைக்கு அடியில பாரு!"