ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்

துஷ்யாவின் தலையில் அஜித்தா வாங்காத சோப்பின் மணம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளின் பின்னலை அவிழ்க்கக் குனிந்தபோதுதான் அது மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரித் தரையைக் கழுவிவிட்ட பிறகு எழும் கார நெடி. மயிரின் அடி இன்னும் ஈரமாக, சில்லென்று இருந்தது.

"அப்பாவோ தோய வார்த்தவர்?"

"இல்லை. கீழ இருக்கிற ஆன்ட்டி." துஷ்யா டேப்லட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேன் இருக்கோ எண்டு பார்த்தவா. அப்பாவோட படுக்கக் கூடாதாம். உங்களோடயும் கூடாதாம்."

கீழே எந்த ஆன்ட்டியும் இல்லை. கீழ்த்தளத்தில் சண்முகராசா அண்ணை ஒருவர்தான் தனியாக இருந்தார். மாடியிலும் கீழேயும் மற்ற அறைகளைத் திருத்தவேலைக்கென்று பூட்டி வைத்திருந்தார்கள்.

ஃபாரஸ்ட் கேட் பகுதியில் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட, வீடில்லாதவர்களுக்கு இடம் தரும் கவுன்சில் இவர்களைத் தற்காலிகமாக ஸ்ட்ரெதம் பக்கத்தில் இந்தக் கட்டடத்தில் கொண்டுவந்து போட்டிருந்தது. செங்கல் கட்டடம். எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் சன்னல்கள், நடுவே ஒரு முற்றம். முன்பு ஆஸ்பத்திரியாக இருந்ததாம். மூவருக்கும் ஒரே அறை. ஆனாலும் தலைக்கு மேல் கூரை கிடைத்ததே என்று அஜித்தா முதல் நாள் சாமிப் படத்தின் முன்னால் அழுதிருந்தாள்.

அவள் கீழே போய்க் கதவைத் தட்டினாள். சண்முகராசா அண்ணை கதவைப் பாதிதான் திறந்தார்.

"ஆஸ்பத்திரிக்கும் முந்தி, பிள்ளை, இது கதியில்லாத சனத்தை வைச்சிருந்த இடம். சும்மா சாப்பாடு போடமாட்டினம். தார் பூசின பழங்கயிறைக் கையால பிரிக்க வைப்பினம். வரேக்கயே வாசல்ல வைச்சுப் பிரிச்சுப் போடுவினம். புருசன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளை வேற பக்கம்."

"அது அந்தக் காலம் அண்ணை."

"ஓம்." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "என்னட்ட இருந்து பிரிக்க ஒருத்தரும் இல்லை. அதால என்னை ஒண்டும் செய்யேல்லை."

அன்று பின்னேரம் கணவன் துஷாந்தன் வேலையால் வந்து, ஜாக்கெட்டைக் கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்தான். தேநீர்க் கோப்பையை நீட்டியபோதுதான் அவனுடைய விரல்களைக் கண்டாள். நுனியெல்லாம் உரிந்து இரத்தம் கசிந்தது. நகக்கண்களில் தார் கறுப்பாக அப்பியிருந்தது.

"இஞ்சருங்கோ, என்ன இது? வேர்ஹவுசில பெட்டி தூக்கிறதுக்கு விரல் இப்பிடிக் கிழியுமோ?"

அவன் உதட்டை அசைக்காமல் சொன்னான். "கதைக்காதையும். கேட்கும்."

"ஆருக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த அறையில், யாரோ பலர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் அவள் கவுன்சிலுக்குப் போன் எடுத்தாள். அங்கே போனை எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினாள். நீங்களாக விட்டுப் போனால் எங்களுடைய பொறுப்பு அத்துடன் முடிந்துவிடும், பிறகு வேறு இடம் தர மாட்டோம் என்றாள். அஜித்தா ஹரோவில் இருக்கும் அக்காவுக்குப் போன் அடித்தாள்.

"முதல்ல வெளிக்கிட்டு வா," என்றாள் அக்கா. "மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

சனிக்கிழமை. மாசி மாதத்து வானம் பின்னேரமே இருண்டு, தெருவில் பஸ்களின் வெளிச்சம் மழையில் கரைந்துகொண்டிருந்தது. ஒரு பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் மகளையும் மறு கையில் கணவனையும் இறுகப் பிடித்தபடி அஜித்தா படியிறங்கினாள். ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்குகள் எரியவில்லை. தண்ணியாகக் காய்ச்சிய கஞ்சியின் மணம் கீழிருந்து ஏறி வந்தது. துஷாந்தனின் கை சில்லிட்டுப் போயிருந்தது.

கடைசிப் படியில் நின்றாள்.

தெருவுக்குப் போகும் கண்ணாடிக் கதவு அங்கே இல்லை. மூன்று மரக் கதவுகள் இருந்தன.

"விடாதேங்கோ," என்றாள். "கையை விடாதேங்கோ."

யாரும் இழுக்கவில்லை. அவர்களாகவே விட்டார்கள். முதலில் துஷாந்தன். பிறகு, ஒவ்வொரு விரலாக, துஷ்யா.

ஆளுக்கொரு கதவுக்குள் போனார்கள். ஒரு கதவு மூடியது. மற்றதும் மூடியது.

அஜித்தா அடித்தாள். உதைத்தாள். மகளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினாள். சண்முகராசா அண்ணையின் அறையில் டிவிச் சத்தம் கூடியது.

மூன்றாவது கதவு தானாகத் திறந்தது. அதன் வழியாக முற்றத்துக்குப் போய், சுற்றி வந்து பிள்ளையைப் பிடித்துவிடலாம் என்று ஓடினாள்.

முற்றம் இல்லை. நீண்ட மண்டபம். வரிசை வரிசையாக நீளமான வாங்குப் பலகைகள். வாங்கு நிறையப் பெண்கள். எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதுகுகள். வெள்ளைத் தொப்பிகள். மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

தூரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இன்னொரு மண்டபம். அங்கே ஆண்களின் முதுகுகள். கடைசி வரிசையில் துஷாந்தனின் ஜாக்கெட்.

"இஞ்சருங்கோ!"

அவன் திரும்பவில்லை.

வாங்கின் ஓரத்தில் இருந்தவள், தலையைத் திருப்பாமலே, கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.