உறுதிப்படுத்த முடியவில்லை

பூண்டு வாசனை கீழிருந்து வந்தது. சமையலறையோ மேலே இருந்தது.

திவாகரன் சாய்ந்திருந்த கதிரையிலிருந்து தலையைத் தூக்கினான். தெருவிலிருந்து நுழைந்தால் முன்னறையும் சமையலறையும். பதினான்கு படி இறங்கினால், மலைச்சரிவுக்குள் செருகி வைத்தது போலப் படுக்கையறைகள். கண்டியில் பாதி வீடுகள் இப்படித்தான். மாலை நாலரைதான் ஆகியிருந்தது. ஆனால் வீடு இருண்டுவிட்டது; மழை மூன்று நாளாக விடவில்லை, கரண்டும் போயிருந்தது, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஈரப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருந்தது.

"சஞ்சீ, பூண்டு உரிச்சியா?"

"வெள்ளிக்கிழமைங்க. வீட்டுல பூண்டே இல்ல." சஞ்சீவனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊர் ஊரா முகர்ந்து திரிஞ்ச மூக்கு. கொஞ்ச நாளைக்குக் கழட்டி அலுமாரியில வைங்க."

அவன் சிரிக்க முயன்றான். முகம் ஒத்துழைக்கவில்லை.

"துஷானி எங்க?"

"கீழதான். விளையாடுறா. அவளையாவது நிம்மதியா விடுங்க."

அவன் இரசாயனம் கற்பித்தவன். தடைசெய்யப்பட்ட விஷவாயுக்களை யாராவது பயன்படுத்தினார்களா என்று ஆராயும் சர்வதேசக் குழுவில் நான்கு வருடம் இருந்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்புதான் வீடு திரும்பியிருந்தான். அன்றிலிருந்து தூங்கியெழுந்தாலும் களைப்புப் போகவில்லை. எலும்புக்குள் யாரோ ஈரமண்ணை அடைத்து வைத்தது போன்ற களைப்பு.

கடைசியாகப் போன ஊரில் ஒரு தகப்பனைச் சந்தித்தான். குண்டு விழுந்த அன்று மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் நிலவறைக்கு அனுப்பியவர். கீழே போனால் பயமில்லை என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். குண்டிலிருந்து கசிந்த விஷவாயு காற்றைவிடப் பாரமானது, படி படியாக இறங்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிரவு அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. பூண்டு போல ஒரு வாசனை, அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்து விளையாடியிருக்கிறார்கள். விடிந்தபோது யாருக்கும் கண் திறக்கவில்லை. அந்த வாரத்துக்குள் நால்வரும் போய்விட்டார்கள்.

குழுவை உள்ளே விட இரண்டு மாதமானது. அதற்குள் யாரோ நிலவறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மாதிரிகளில் எதுவும் அகப்படவில்லை. வாசனை சாட்சியாகாது. 'பயன்படுத்தப்பட்டதாக உறுதிப்படுத்த முடியவில்லை' என்று எழுதிய பக்கத்தில் அவனும் கையெழுத்திட்டான். பிழையில்லாத வாக்கியம்.

கீழே துஷானி சிரித்தாள்.

அவள் சிரித்து முடித்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

திவாகரன் எழுந்து படிக்கட்டின் தலைப்பில் நின்றான். சிமெந்துத் தரையில் வெறுங்கால்கள் ஓடும் சத்தம், சுவரில் கை உரசும் சத்தம், ஒரு சின்ன இருமல், அதைத் தொடர்ந்து வேறொரு தொண்டையில் இன்னொரு இருமல், இடையிடையே ஏதோ துணியை நீரில் நனைத்துப் பிழியும் சத்தம். மழையாக இருக்கலாம். மழையாகத்தான் இருக்க வேண்டும்.

"துஷானி, மேல வாம்மா."

"வரமாட்டேன் அப்பா! இங்க ஆளுங்க இருக்காங்க!"

திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் முதுகைக் காட்டி நின்று பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

இறங்கினான்.

மூன்றாவது படியில் வாசனை கனத்தது. ஐந்தாவதில் நாக்கில் ஒட்டியது. ஏழாவதில் கால் தானாக நின்றது. முகமூடி இல்லாமல் கீழே இறங்காதே. தனியாக இறங்காதே. நான்கு வருடம் உடம்புக்குப் பழக்கிய விதி. மேலே போய்க் கதவைச் சாத்து என்றது மூளை. மாதிரி எடு. காத்திரு.

கீழே இருந்தது அவன் பிள்ளை.

மூச்சைப் பிடித்தான். எட்டு. ஒன்பது. இருட்டு. பத்து. சுவரில் ஈரம். பதினொன்று. சிரிப்பு நின்றது. பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினான்கு.

அறைக்கதவு திறந்திருந்தது. ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம். பாய் விரித்து, சுவரோரமாக மூன்று பிள்ளைகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியிலிருந்து நாடிவரை ஈரத் துணி கட்டியிருந்தது. துணி உள்ளே போய் வெளியே வந்தது. மூச்சு விடுவது போல.

அவர்களுக்குப் பக்கத்தில் துஷானி. அவளுக்குப் பின்னால் ஒரு பெண், தானும் முகம் மூடியவள், கடைசி முடிச்சை மெதுவாக, ஒரு தாயின் பொறுமையோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"துஷானி..."

பிடித்த மூச்சு போய்விட்டது. இனி உள்ளே இழுத்தாக வேண்டும்.

"கதவைச் சாத்துங்க அப்பா," துணிக்குள்ளிருந்து மகள் சொன்னாள். "இங்க வந்துட்டாப் பயமில்லன்னு ஆன்ட்டி சொல்றாங்க."

பாயில் இருந்தவர்கள், ஐந்து பேரும், அவனுக்காகச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்கள்.